முகாமுக்குப் பேர் கொடுத்தாச்சு

நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். என் வீட்டுக்காரர் தையல்காரர். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் நாங்கள் வெளியூர் போய் ஒரு நாள்கூடத் தங்கியதில்லை. ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கலாம், முகாம் நடத்துகிறார்கள் என்று கடையில் சொன்னதும், அவரைக் கேட்காமலே பதிவு செய்துவிட்டேன். சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வேலை நேரத்தில் அவர் செல்போனை எடுக்க மாட்டார் என்பதால் தையல் கடைக்கே போன் செய்தேன். கட்டிங் மாஸ்டர் எடுத்தார்.

"அண்ணே, வெள்ளிக்கிழமை முகாமுக்குப் போகணும்னு அவர்கிட்ட சொல்லிடுங்க. மூணு பேருக்கும் பேர் குடுத்தாச்சு. ஆளுக்கு ஒரு பைதானாம்."

"சொல்லிடறேம்மா."

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பீரோ திறந்து கிடந்தது. சான்றிதழ்கள் வைத்திருந்த தகர டப்பாவைக் காணோம். என் சேலைகளில் நான்கைக் காணோம். மேஜைமேல் அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு: 'பஸ் நிலையத்துக்கு வா. யாரிடமும் சொல்லாதே. லைட்டைப் போட்டுவிட்டே வா. ஆள் இருப்பதுபோல் தெரியட்டும்.'

ஓட்டமும் நடையுமாகப் போனேன். ஒரு தூணுக்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பள்ளிச் சீருடையோடு எங்கள் மகள் பாப்பா. அவள் முழங்கைக்குக் கீழே பேனாவால் எழுதியிருந்தது: அவள் பெயர், எங்கள் இரண்டு பேர் பெயர், வீட்டு முகவரி.

"பின்னால யாரும் வரலையே?" என்றார்.

"யாருங்க வரணும்?"

"முகாமுக்குப் பேர் எழுதிட்டாங்களாமே. யாரு வந்து எழுதினது?"

"நான்தாங்க குடுத்தேன்."

"நீயா?"

கட்டின பெண்டாட்டியை அப்படி ஒருவர் பார்க்கக் கூடாது. ஏரி, கூடாரம், மூன்று நாள், படகு என்று நான் திக்கித் திணறிச் சொல்லி முடித்தேன்.

"ஜாலியாப் போற இடத்துக்கு யாராவது முகாம்னு பேர் வைப்பாங்களா?"

"எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க."

"ஊரைக் காலி பண்ணி முகாமுக்கு லாரியில ஏத்தினப்ப எங்களுக்கும் மூணு நாள்னுதான் சொன்னாங்க. போனப்ப எனக்குப் பாப்பா வயசு. வெளிய வந்தப்ப பதினாறு."

தனிப்பிள்ளை, சின்ன வயதிலேயே அப்பா அம்மா போய்விட்டார்கள். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பாப்பாவின் கையைத் தொட்டுக் காட்டி, "இது எதுக்குங்க?" என்றேன்.

"லாரி மாறி ஏறிட்டா. அஞ்சு வயசு. கையில எழுதி வைக்கணும்னு அப்ப யாருக்கும் தோணலை."

"யாரு?"

"என் தங்கச்சி."

பத்து வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறோம். எனக்கு ஒரு நாத்தனார் இருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் டிக்கெட் எடுத்திருந்த பஸ் வந்து நின்று, ஆளை ஏற்றிக்கொண்டு போனது. நாங்கள் எழுந்திருக்கவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது பாப்பா கேட்டாள்: "அப்போ எனக்கு ஒரு அத்தை இருக்காங்களாப்பா?"

அவர் பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார்.

"இருக்காங்க."

மறுநாள் பதிவை ரத்து செய்தேன். ஏரிக்குப் போகவில்லை என்று பாப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.