உரிமம் இல்லாத கை

துக்கத்துக்கு வந்தவர்களுக்காக நம்ஹி கிண்ணங்களில் மாட்டுக்கறிச் சூப்பை ஊற்றிக்கொண்டிருந்தபோது, மரணச் சடங்குக் கூடத்தின் படிக்கட்டில் கைத்தடிகள் தட்டும் சத்தம் கேட்டது. ஏழெட்டுப் பேராவது இருக்கும். அவள் கரண்டியைப் பானைக்குள் விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

தம்பி கிசோப் ஓடி வந்தான். கையில் கட்டிய துக்கப் பட்டை முழங்கை வரை நழுவியிருந்தது.

"அக்கா, சங்கத்துக்காரங்க வந்துட்டாங்க. தயவுசெஞ்சு எதுவும் பேசிடாதே."

"நான் என்ன பேசப்போறேன்? சூப் ஊத்திக்கிட்டு இருக்கேன்."

அவர்கள் வாசலில் உட்கார்ந்து செருப்புகளைக் கழற்றினார்கள். தங்கள் ஜோடி மாறிப்போகாமலிருக்க ஒவ்வொருவரும் துணி மாட்டும் கிளிப் ஒன்றைச் செருப்பில் செருகினார்கள். பிறகு அப்பாவின் படத்துக்கு முன் வரிசையாக வந்து, நெற்றி தரையில் படக் கும்பிட்டார்கள். ஒருவர் மட்டும் திசை தவறி மலர்வளையத்தைக் கும்பிட்டுவிட்டார்.

"யோவ், அங்க என்ன பண்றே? தலைவர் இந்தப் பக்கம் இருக்கார்."

"பூவைப் பார்த்தா தலைவர் மாதிரிதான் இருந்துச்சு," என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். நம்ஹிக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்பா பியோ தொக்சு, பார்வையற்ற மசாஜ் வைத்தியர்கள் சங்கத்தின் நகரக் கிளைக்கு வெகுகாலம் தலைவராக இருந்தவர். முந்தின நாள் காலையில், வாடிக்கைக்காரர் ஒருவரின் முதுகை அமுக்கிக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்தார். மசாஜ் செய்யும் உரிமம் கண் தெரியாதவர்களுக்கு மட்டும்தான் உண்டு என்பது சட்டம். அந்தச் சட்டத்தை யாரும் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்வதே சங்கத்தின் பாதி வேலை. தலைவரின் மகள் நம்ஹிக்கோ இரண்டு கண்ணும் நன்றாகத் தெரியும். துறைமுகத் தெருவில் 'சரும அழகு நிலையம்' என்று பலகை மாட்டி, உள்ளே அவள் செய்தது மசாஜ்தான். ஒரு நாள் போலீஸ் வந்தது. போன் போட்டது யார் என்று போலீஸ்காரரே சொல்லிவிட்டார். அதன் பிறகு அவள் மீன் பதப்படுத்தும் ஆலைக்கு வேலைக்குப் போனாள். அப்பாவிடம் பேசவில்லை. அவரும் கூப்பிடவில்லை.

சவச் சடங்கு செய்கிறவர் வாசலுக்கு வந்தார். இளவயதுக்காரர், வெள்ளைக் கையுறை.

"உடுப்பு மாத்திப் பெட்டியில வைக்கிற நேரம். குடும்பத்துக்காரங்க வாங்க."

சூப்புக் கிண்ணத்தின் முன் உட்கார்ந்திருந்த ஒரு வயதான பெண் தலையைத் தூக்கினாள். சங்கத்தின் செயலாளர் பாங் மல்யே.

"நாங்களும் வரலாமா தம்பி?"

"உள்ள குடும்பத்துக்கு மட்டும்தான் அம்மா. மத்தவங்க கண்ணாடிக்கு வெளிய நின்னு பாக்கலாம்."

"கண்ணாடிக்கு எந்தப் பக்கம் நின்னாலும் எங்களுக்கு ஒண்ணுதான்," என்றார் யாரோ. இம்முறை யாரும் சிரிக்கவில்லை. தொட்டால்தானே அவர்களுக்குப் பார்த்ததாக ஆகும்.

கிசோப் அக்காவின் முகத்தைப் பார்த்தான்.

"வேண்டாம்," என்றாள் நம்ஹி.

"சரிம்மா," என்று மல்யே உடனே கிண்ணத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதில் கோபம் இல்லை. வேண்டாம் என்ற சொல்லை வாழ்நாளெல்லாம் கேட்டுப் பழகியவள் போலத் தேக்கரண்டியைத் தேடி எடுத்து, ஆறிப்போன சூப்பை வாயில் வைத்தாள்.

நம்ஹி கதவு வரை போனவள் நின்றாள்.

"செயலாளர் அம்மா மட்டும் வரட்டும்."

தாழ்வாரத்தில் மல்யே அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கிசோப் முன்னால் போய்விட்டிருந்தான்.

"ஒண்ணு கேக்கணும். என் கடையைப் பத்தி சங்கத்துல சொன்னது யாரு?"

"நான்தான்." மல்யேயின் நடை தடுமாறவில்லை. "என் வாடிக்கைக்காரி ஒருத்தி, துறைமுகத் தெருவுல ஒரு பொண்ணு நல்லா பண்றான்னு சொன்னா. கழுத்துல எங்க அமுக்கினா, எப்படி விட்டான்னு கேட்டேன். கேட்டதுமே அது தலைவரோட கைன்னு தெரிஞ்சுபோச்சு. கூட்டத்துல விஷயத்தைச் சொன்னேன். பேரைச் சொல்லலை."

"அப்புறம்?"

"எல்லாரும் வாயை மூடிக்கிட்டு இருந்தோம். அவரே சொன்னார், 'அது என் பொண்ணு'ன்னு. அங்கேயே போனை எடுத்தார். நாங்க வேண்டாம்னோம்."

"வேண்டாம்னீங்களா?"

"ஒரு தடவை சொன்னோம்." கொஞ்ச தூரம் நடந்த பிறகு சேர்த்துக்கொண்டாள்: "ரெண்டாவது தடவை யாரும் சொல்லலைம்மா."

அறை குளிர்ந்து கிடந்தது. அப்பாவைக் கழுவித் துடைத்து, சணல் துணி உடுத்தியிருந்தார்கள். முகம் சின்னதாகிவிட்டிருந்தது. மல்யே முதலில் பாதங்களைத் தொட்டாள். பிறகு முழங்கால், மார்பு, தாடை. நெற்றியில் உள்ளங்கையை வைத்து எதையோ முணுமுணுத்துவிட்டு விலகி நின்றாள்.

சடங்குக்காரர் கைகளுக்குச் சணல் உறை போட்டார். இடது கை எளிதாகப் போனது. வலது கை மூடியே இருந்தது. வாடிக்கைக்காரரின் சட்டையைப் பிடித்தபடி விழுந்தாராம்; அப்படியே விறைத்துவிட்டது. சடங்குக்காரர் இழுத்துப் பார்த்தார்.

"மன்னிக்கணும். கொஞ்சம் பலமா இழுக்கணும். சத்தம் வரும். நீங்க வேணும்னா திரும்பிக்குங்க."

கிசோப் திரும்பிக்கொண்டான்.

"விடுங்க," என்றாள் நம்ஹி. "நான் பாக்கறேன்."

கறுப்புத் துக்க உடையின் கைகளைச் சுருட்டிவிட்டு அப்பாவின் மணிக்கட்டை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். குளிர் விரல் நுனி வழியாக ஏறியது. அம்மா போன பிறகு, சமையலறையில் உட்கார்ந்து அவர் தன் கையையே நீட்டிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். எலும்பைத் தேடாதே, எலும்புக்குப் பக்கத்துல இருக்கறதைத் தேடு. அவள் தேடினாள். முழங்கைக்குக் கீழே தொடங்கி நரம்பு ஓடும் வழியே கட்டைவிரலை ஊன்றி, விட்டு, மறுபடி ஊன்றிக் கீழே வந்தாள். அவசரப்படவில்லை. அறையில் அவள் மூச்சும் துணி உரசும் சத்தமும் மட்டும் கேட்டன. மல்யே அந்தப் பக்கமாகத் தலையைச் சாய்த்து நின்றாள்.

முதலில் சுண்டுவிரல் தளர்ந்தது. பிறகு மற்றவை. கடைசியில், எத்தனையோ முதுகுகளில் ஊன்றிப் பின்னால் வளைந்துபோயிருந்த கட்டைவிரல். உள்ளங்கை திறந்தபோது அதற்குள் எதுவும் இல்லை. நகம் பதிந்த தடங்கள் இருந்தன. அவள் அவற்றின்மேலும் ஒரு முறை தேய்த்துவிட்டாள்.

"நீங்க மசாஜ் பண்றவங்களா?" என்று வியப்போடு கேட்டார் சடங்குக்காரர்.

கிசோப் இருமினான். நம்ஹி சுருட்டியிருந்த உடையின் கைகளை இறக்கிவிட்டாள்.

"இங்க யாரும் எதையும் பாக்கலை தம்பி," என்றாள் மல்யே. "உறையைப் போடுங்க."

பெட்டியை மூடிவிட்டு அவர்கள் வெளியே வந்தபோது மழை பிடித்திருந்தது. சங்கத்தின் பேருந்து வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. மற்றவர்கள் ஏறிவிட்டார்கள். நம்ஹி குடையை விரித்தாள். மல்யே அவளுக்குப் பின்னால் வந்து தோளில் கையை வைத்துக்கொண்டாள்.

"படி ஈரமா இருக்கு. பாத்து," என்றாள் நம்ஹி.

"நீ நட."

பாதிப் படியில் மல்யேயின் விரல்கள், பழக்கத்தில், அவள் கழுத்தை நோக்கி நகர்ந்தன. ஓரிடத்தில் அமுக்கின. அங்கே தசை கல்லாக இறுகிக் கிடந்தது. விரல்கள் அதன்மேல் அப்படியே நின்றன. இருவரும் ஒவ்வொரு படியாக இறங்கினார்கள். பேருந்தின் கதவு திறந்துகொண்டது.