சில்வர் பேனா வட்டங்கள்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேஜையில் தலை சாய்த்தால் போதும், எனக்கு அந்தக் கனவு வந்துவிடும். தோல் காயவைக்கும் கொட்டகை. கொக்கிகளில் தோல்கள் வரிசையாகத் தொங்கி, காற்றே இல்லாமல் மெல்ல ஆடும். நடுவில் ஒரு தோலில் மட்டும் என் தொப்புளருகே இருக்கும் மச்சம். 'அது என்னுது' என்று சொல்ல வாய் திறப்பேன். குரல் வராது. யாரோ தடவிப் பார்த்து, "குறையே இல்ல" என்று சொல்லிவிட்டு நகர்வார்கள்.

விழித்தால் ஆம்பூர், வெயில், பக்கத்து மேஜையில் ஜோதி.

நாங்கள் இருவரும் ஷூ கம்பெனியில் தோல் பார்ப்பவர்கள். வெட்டுக்குப் போகுமுன் தழும்பு, உண்ணி கடித்த தடம், கொம்புக் கீறல் எல்லாவற்றையும் சில்வர் பேனாவால் வட்டமிட வேண்டும். மாடு பட்ட கஷ்டமெல்லாம் என் கண்ணுக்குத் தப்பாது. நான் படும் கஷ்டம்தான் யார் கண்ணிலும் படவில்லை.

தெருவெல்லாம் பிரியாணி மணக்கும் ஊரில் இருந்துகொண்டு நான் பாதி ஆளாய் இளைத்தேன். சர்க்கரை வியாதி அப்படி மிரட்டிவிட்டது. தபஸ்ஸும் என்கிற நான் கல்யாண வீட்டில் தட்டைத் தள்ளிவிட்டு மோர் குடித்தேன் என்றால் எங்கள் சொந்தக்காரர்கள் இன்றும் நம்ப மாட்டார்கள். உடம்பு போனது, தோல் போகவில்லை. அடிவயிற்றிலிருந்து தொடைவரை மடிப்பாய்த் தொங்கியது. மடிப்புக்குள் வியர்த்துப் புண்ணாகும், புண்ணிலிருந்து நீர் வழியும். வழிந்தால், தொழுகைக்காகக் கைகால் கழுவிச் செய்த வுசூ முறிந்துவிடும். பாதியில் எழுந்து போய்க் கழுவிவிட்டு மறுபடி நிற்பேன், மறுபடி வழியும். இப்படிப்பட்ட உடம்புக்குச் சலுகை உண்டு என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் வீட்டம்மா சொன்னார்கள். என் மனசு ஒப்பவில்லை. ஒரு தொழுகையை முழுசாய் முடிக்க வேண்டும், நான் கேட்டது அவ்வளவுதான்.

வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹெலன், ஆபரேஷன் செய்து தோலை எடுத்துவிடலாம் என்றார். கம்பெனி எடுத்துத் தந்த இன்சூரன்ஸ் இரண்டு முறையும் மறுத்துவிட்டது. அழகுக்கான சிகிச்சையாம். அழகு! அவர்கள் ஒரே ஒரு நாள் வந்து என் துணியைத் துவைத்துப் பார்க்கட்டும்.

இரண்டாவது மறுப்பு வந்த அன்று மாலை ஜோதி என் குர்தாவில் ஈரக்கறையைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாக்கா இது, இவ்ளோ மோசமா இருக்குது! டாக்டரம்மா பாத்துமா அழகுக்குன்னு சொல்றாங்க?"

"அவங்க பாக்கறப்ப இவ்ளோ இருக்காதுடி. வெள்ளிக்கிழமைதானே நமக்கு லீவு. முந்தின நாளும் லீவு போட்டுட்டு ஃபேன் காத்துல படுத்துக்குவேன். காலைல குளிச்சு, மடிப்பெல்லாம் தொடச்சு, பவுடர் போட்டு, அத்தர் வெச்சுக்கினு போவேன். நாத்தத்தோட போய் அந்தம்மா முன்னாடி படுக்க முடியுமா?"

ஜோதி பேனாவைக் கீழே வைத்தாள். "நல்லா இருக்குதுக்கா. டேமேஜ் தோலுக்கு பாலிஷ் போட்டு அனுப்பிட்டு, டேமேஜ்னு யாரும் எழுதலையேன்னு அழுவுறியே."

எனக்குக் கோபம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. சிரிப்பு முடிவதற்குள் அழுதுவிட்டேன். டாக்டர் தான் பார்த்ததைத்தான் இன்சூரன்ஸுக்கு எழுதியிருந்தார்: தோல் உலர்ந்திருக்கிறது, புண் இல்லை.

அடுத்த புதன்கிழமை, வேலை நடுவில் பெர்மிஷன் வாங்கிக்கொண்டு, குளிக்காமல் வேலூருக்குக் கிளம்பினேன். கிளம்புமுன் பெண்கள் ஓய்வறையில் தாழ் போட்டுவிட்டு ஜோதி என் முன்னால் மண்டியிட்டாள். நான் மடிப்பைத் தூக்கிப் பிடித்தேன். புண்ணில் படாமல், சுற்றியிருந்த நல்ல தோலில், சில்வர் பேனாவால் வட்டம் போட்டாள். ஆறிப்போன தடங்களையும் விடவில்லை. ஒரு தடவைகூட மூக்கைப் பொத்தவில்லை. அதற்காக அவளைச் சாகும்வரை மறக்க மாட்டேன்.

ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தது. கானலில் மலைகள் மெல்ல அசைந்தன. கண் சொக்கியது. அதே கொட்டகை, அதே தோல். இந்த முறை அதன்மேல் வட்டங்கள் மினுங்கின. தடவ வந்தவர்கள் கையை எடுத்துக்கொண்டு நின்றார்கள். 'என்னுது' என்றேன். என் குரல் எனக்கே கேட்டது.

டாக்டர் ஹெலன் திரையை இழுத்துவிட்டுப் பார்த்தார்.

"என்னம்மா இது, வட்டம் வட்டமா?"

"எங்க வேலைங்க டாக்டரம்மா. குறை இருக்கற எடத்துல போடுவோம். இவ்ளோ நாளா பவுடர் போட்டு மறச்சுட்டேன்."

"ஒவ்வொரு தடவையும் எப்படி இருக்குன்னு கேட்டேனே, பரவாயில்லன்னுதானே சொன்னீங்க?"

"வெக்கமா இருந்துச்சுங்க."

"நானும் அதோட விட்டுட்டேன்" என்றார் தாழ்ந்த குரலில். பிறகு படமெடுக்க ஆள் அழைத்தார். ஒரு வட்டமும் விட்டுப்போகாமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டார்.

அந்தப் படங்களோடு மறுபடி விண்ணப்பித்தோம். மழைக்காலம் தொடங்கும்போது அனுமதி வந்தது.

ஆபரேஷன் அன்று காலை நர்ஸ் சோப்பும் துண்டும் நீட்டினாள். "நல்லா தேச்சுக் குளிச்சுட்டு வாங்கக்கா."

துண்டை வாங்காமலே கேட்டேன். "குளிக்கணுமா? குளிச்சா எல்லாம் காஞ்சிடுமே. அப்புறம் வேணாம்னு சொல்லிடுவாங்களா?"

அந்தப் பெண் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒத்துக்கிட்டாங்கக்கா. இனிமே யாருக்கும் காட்ட வேணாம். பயப்படாம குளிங்க."

கதவைச் சாத்திக்கொண்டு வெந்நீரைத் திறந்தேன். மடிப்பைக் கையில் ஏந்தினேன். எங்கள் வீடுகளில் இறந்தவர்களைக் குளிப்பாட்டும்போது அவர்களுக்கு வலித்துவிடக் கூடாதென்று மெதுவாகத் தண்ணீர் ஊற்றுவோம். அப்படித்தான் ஊற்றினேன். போய் வா என்றும் சொன்னேன்.