கணக்கில் வராத தாவல்

நகோயாவில் நடந்த பனிச்சறுக்கு நடனப் போட்டியில், பத்திரிகைகள் 'தங்கமகள்' என்று கொண்டாடிய சிஹாரு இரண்டு முறை விழுந்தாள். ஓய்வை அறிவித்துவிடும் முடிவோடு நிருபர்கள் முன் நின்றாள். வழக்கம்போலக் குனிந்து, ரசிகர்களின் எதிர்பார்ப்பை ஏமாற்றியதற்கு மன்னிப்புக் கேட்டாள்.

"அது கிடக்கட்டும்மா," என்றார் மூத்த நிருபர் ஒகிட்சு. "கடைசியில எதுக்கு இன்னொரு தாவல்? அனுமதிச்ச எண்ணிக்கைக்கு மேல தாவினா அந்தத் தாவலுக்கு மார்க்கே கிடையாதே! எண்ண மறந்துட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"இல்லைங்க, எண்ணிட்டுதான் இருந்தேன்."

சொன்ன பிறகு அவளுக்கே வியப்பாக இருந்தது. பதக்கத்துக்காகத்தான் ஆடுகிறோம் என்றல்லவா இத்தனை வருடமும் நினைத்திருந்தாள்? பிறகு கால் ஏன் எழும்பியது?

"அப்ப ஏன் தாவின?"

"எனக்கும் தெரியலைங்க."

"சரி, அடுத்த வருஷம் ஆடுவியா?"

"ஆடினாத்தானே தெரியும்?" என்றாள் சிஹாரு.