மேல் மூலை மண்

மண் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிற அவளைக் குடும்பத்தில் எல்லாரும் மண் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வெறும் கேலிதான். ஆனால் சொந்தச் சித்தப்பாவின் மூங்கில் காட்டுக்கே வைத்தியம் பார்க்க முடியாதவளுக்கு அந்தக் கேலி சுருக்கென்று குத்தத்தானே செய்யும்?

மூங்கில் குருத்து விற்றுத்தான் சித்தப்பாவுக்குப் பிழைப்பு. வருஷா வருஷம் யூரியாவை அள்ளிக் கொட்டினார். ஆரம்பத்தில் குருத்து முண்டியடித்துக்கொண்டு வந்தது. “பாத்தியா மண் டாக்டர், உன் படிப்பைவிட என் மூட்டை பெரிசு!” என்று சிரித்தார். இப்போது வருகிற குருத்து விரல் தடிமன்கூட இல்லை. இலையெல்லாம் மஞ்சள். உரத்தால் மண் புளித்துப்போகிறது, வேரோடு ஒட்டி வாழ்ந்து வேருக்குச் சாப்பாடு ஊட்டுகிற பூஞ்சைகள் செத்துக்கொண்டிருக்கின்றன என்று அவள் கரடியாய்க் கத்தினாள். மனுஷர் காதில் போட்டுக்கொண்டால்தானே!

ஒரே ஒரு இடத்தில் மட்டும் அவள் ஜெயித்திருந்தாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் சண்டை போட்டு, சரிவின் மேல் மூலையில் பத்துத் தூறு மூங்கிலைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டாள். அதற்கு ஒரு பிடி உரம்கூடப் போடக் கூடாது. மேட்டில் இருப்பதால் மற்ற இடத்து உரத்தண்ணீரும் அங்கே ஏறாது. காடு கைவிட்டுப் போகிற நாள் வந்தால், உயிருள்ள அந்த மண்ணை அள்ளிக் கீழே பரப்பலாம். பூஞ்சை மெல்ல மெல்லப் பரவும். இருந்தது அந்த ஒரு வழிதான்.

அந்த நாளும் வந்துவிட்டது. மண்ணை அள்ளுவதற்கு முன்னால், முறைப்படி, கொஞ்சம் எடுத்துவந்து சலித்து, நுண்ணோக்கியில் அந்தப் பூஞ்சைகளின் வித்துகளை எண்ணிப் பார்த்தாள். காட்டின் மற்ற மண்ணில் ஒரு சிட்டிகைக்கு ஏழெட்டு வித்தாவது இருந்தது. மேல் மூலை மண்ணில் இரண்டு. மண் பையில் ஒட்டிய சீட்டு மாறிப்போயிருக்கும் என்று திரும்ப எடுத்துவந்து எண்ணினாள். மறுபடியும் இரண்டு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நேரே சித்தப்பா வீட்டுச் சமையலறைக்குப் போய் நின்றாள். சித்தி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“சித்தி, மேல் மூலைல யாராவது உரம் போட்டாங்களா?”

சித்தி கத்தியைக் கீழே வைத்தாள். “திட்டாதே. நான்தான். ஒவ்வொரு மழைக்கும் ஒரு டப்பா.”

“ஏன் சித்தி?”

“எல்லாத்துக்கும் போட்டுட்டு அந்தப் பத்தை மட்டும் பட்டினி போடறது எப்படிடீ? ஜன்னலைத் திறந்தா அதுங்கதான் கண்ணுல படுது. பெத்த வயிறு கேக்குமா? சித்தப்பாகிட்ட சொல்லிடாதே, வாக்குக் குடுத்திருக்கேன்னு குதிப்பாரு.”

பின்வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்த சித்தப்பா அப்படியே நின்றுவிட்டார். குவளையில் இருந்த தண்ணீர் முழுக்கக் காலில் கொட்டித் தீர்ந்தது.

“நீயும் போட்டியா?” என்றார் சித்தியிடம்.

நீயும்! அந்த ‘உம்’தான் மண் டாக்டரின் காதில் விழுந்தது. ஒரே வீடு, ஒரே படுக்கை, ஆறு வருஷம். ஒருத்தருக்கொருத்தர் மூச்சு விடாமல் இரண்டு பேரும் மாறி மாறி ஊட்டியிருக்கிறார்கள். காட்டிலேயே அதிகமாக உரம் தின்றது அந்தப் பத்துத் தூறுதான்.

சித்திக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. “அட, உங்களுக்கும் மனசு கேக்கலையா?” என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மண் டாக்டரின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோயிற்று.

“சரி, வேற எங்கேருந்தாவது நல்ல மண்ணு கொண்டாரலாம்ல?” என்றார் சித்தப்பா.

“இந்தச் சரிவு முழுக்க எல்லாரும் உங்களைப் பாத்துத்தானே சித்தப்பா போட ஆரம்பிச்சாங்க? எல்லாக் காட்டு மண்ணையும் பரிசோதிச்சுட்டேன். எங்கேயும் பரப்பற அளவுக்குப் பூஞ்சை இல்லை.”

“அப்ப இதுக்கு என்னதான் போடணும்?”

“எதுவும் போடக் கூடாது. உதிர்ற இலையைக்கூடத் தொடாம அப்படியே விடணும். தானா திரும்பி வந்தாத்தான் உண்டு. பத்து வருஷம் ஆகலாம், பதினஞ்சும் ஆகலாம். வராமலும் போகலாம்.”

“எனக்கு எழுபது முடிஞ்சிடுச்சும்மா” என்றார் சித்தப்பா. அவர் அவளை அம்மா என்று கூப்பிட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அதைக் கேட்க அவளால் தாங்க முடியவில்லை.

சித்தி எழுந்து ஜன்னலருகே போனாள். “அதுங்க ஒண்ணொண்ணா மஞ்சளாகிச் சாகும். அதைப் பாத்துக்கிட்டு நான் கையைக் கட்டிக்கிட்டு இருக்கணும். அதானே சொல்றே? சத்தியமாச் சொல்லு, நீ இருப்பியா?”

இருப்பேன் என்று சொல்லிவிடத்தான் அவளும் வாயைத் திறந்தாள். வெளியே வந்ததோ “தெரியலை சித்தி” என்பதுதான்.