பேரித்தோப்பில் எல்லோரும் விவாகரத்து

எங்கள் பேரித்தோப்பில் ஒரு வசந்த காலத்தில் புருஷன் பெண்டாட்டி என்று யாருமே இல்லை. ஊரே விவாகரத்து வாங்கிவிட்டது. அதற்காக ஒருத்திகூட மூட்டை கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகவில்லை. அதே அடுப்பு, அதே கட்டில், பக்கத்தில் அதே குறட்டை.

எல்லாம் ஒரு சுவர் எழுத்தால் வந்தது. ஜெங்ஜோ நகரம் வளர்ந்து வளர்ந்து எங்கள் சோளக்காட்டைத் தின்றுவிட்டு வாசல்வரை வந்து நின்றது. ஒரு நாள் நாலு பேர் வந்து, என் வீட்டுச் சுவரில் சுண்ணாம்பால் பெரிய வட்டம் போட்டு, நடுவில் 'இடி' என்று எழுதிவிட்டுப் போனார்கள். வேறு சில ஊர்களில் இதைப் பார்த்து அழுதார்களாம். நாங்கள் பட்டாசு வெடித்தோம். கூரை ஒழுகும் வீட்டைக் கொடுத்துவிட்டு லிஃப்ட் வைத்த வீட்டை வாங்கிக்கொள்ள எங்களுக்குக் கசக்குமா என்ன?

நான் தெங். அங்கே மாஜோங் கடை வைத்திருந்தேன். மேஜைக்கு நாலு பேர் உட்கார்ந்து, சீட்டு மாதிரி கட்டைகளை வைத்துச் சூதாடுவார்கள், நான் டீக்கு வெந்நீர் ஊற்றுவேன். ஊரில் நடக்கிற எந்தத் திருட்டுத்தனமும் முதலில் என் கடை மேஜையில்தான் பேசி முடிவாகும். இடித்தால் எவ்வளவு பரப்போ அவ்வளவுக்குப் புது வீடு என்று தெரிந்ததும், இரண்டு மாடி வீடெல்லாம் ஒரே மாதத்தில் ஐந்து மாடி ஆனதும் என் மேஜை யோசனைதான். மேல் மாடியில் ஓர் ஆடு ஏறி நின்றால் வீடே ஆடும். அதனால் என்ன, அங்கே யார் குடியிருக்கப் போகிறார்கள்? மரத்துக்கும் ஈடு உண்டு என்று தெரிந்தபோது, கொல்லையெல்லாம் பேரிக்கன்று நட்டோம். கை நுழைய இடமில்லாமல் நட்டோம்.

இடிப்பு அலுவலகத்திலிருந்து ஃபாங் என்று ஓர் இளம் அதிகாரி வந்தார். கண்ணாடி போட்ட நல்ல பையன். கன்றுகளைப் பார்த்து மலைத்து நின்றார்.

"இது என்னம்மா?"

"பேரித்தோட்டம் சார்."

"விளக்குமாத்தைத் தலைகீழா நட்டு வெச்ச மாதிரில்ல இருக்கு?"

"ஊர் பேரே பேரித்தோப்பு. மரம் இல்லாட்டி நாலு பேர் சிரிக்க மாட்டாங்களா சார்?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார், ஆனால் ஒரு கன்றையும் கணக்கில் சேர்க்கவில்லை. அப்புறம்தான் பரப்புக் கணக்கை விட்டுவிட்டுப் புது விதி போட்டார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு, விவாகரத்து ஆனவர்கள் தனித்தனிக் குடும்பம். இந்த விதியை எழுதியவர் ஜென்மத்தில் ஒரு கிராமத்துக்குள் கால் வைத்திருக்க மாட்டார். மறு வாரமே பதிவு அலுவலக வாசலில் எங்கள் ஊர் வரிசை கட்டி நின்றது. புருஷன் பெண்டாட்டிக்குக் குடை பிடித்தபடி விவாகரத்துக்கு நின்ற காட்சியை நான் அங்கேதான் பார்த்தேன்.

"என்ன காரணம்?" என்று கேட்டாள் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண்.

"மனசு ஒத்துப்போகலை."

"ஊரு பூராவுமா?"

"காத்து சரியில்லைங்க" என்றான் பாவ்ஷான்.

இந்தப் பாவ்ஷானைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் பக்கத்து வீட்டுக்காரன், சிமென்ட் லாரி ஓட்டுகிறவன். அவன் பெண்டாட்டி லாமெய், தையல் ஆலைச் சமையற்கட்டில் வேலை. ஒரே மகளை லோயாங்கில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு வீட்டில் குடியிருப்பது, இன்னொன்றை வாடகைக்கு விட்டு வாழ்நாள் முழுக்க மாஜோங் ஆடுவது என்பது பாவ்ஷானின் திட்டம். ஆனால் அவனுக்குப் பொய் வராது. கையில் நல்ல கட்டை வந்தால் காது இரண்டும் சிவந்துவிடும், மேஜையே உஷாராகிவிடும். என் கடையில் அவன் ஜெயித்ததாகச் சரித்திரமே இல்லை.

எங்கள் கூத்து அலுவலகத்துக்கும் எட்டியது. பிரிந்தவர்கள் உண்மையாகவே பிரிந்தவர்கள்தானா என்று வீடு வீடாக வந்து பார்க்கப் போவதாக ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஊர் ஆடிப்போனது. நான் ஆடவில்லை. கடை மேஜைகளை ஓரம் தள்ளிவிட்டு ஒத்திகை ஆரம்பித்தேன். யார் எந்தத் தட்டை உடைப்பது, யார் யாருடைய அம்மாவைத் திட்டுவது, எல்லாவற்றையும் நான்தான் பிரித்துக் கொடுத்தேன். இருபது வருஷமாக முணுமுணுத்துக்கொண்டே இருந்த பெண்களுக்குச் சத்தம் போட்டுத் திட்ட அனுமதி கிடைத்ததும் பிய்த்து உதறினார்கள். இரண்டு ஆண்கள் பாதி ஒத்திகையில் அழுதே விட்டார்கள்.

பாவ்ஷானுக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. "ஏண்டா, பொண்டாட்டியைத் திட்ட ஒனக்கு ஒரு வார்த்தை கிடைக்கலையா?" என்று கேட்டேன்.

"என்னத்தைத் திட்டறது அக்கா? அவ ஒண்ணும் பண்ணலையே."

"சரி, மேஜையைத் தட்டிட்டு வெளிய போயிரு. வாயைத் தொறக்காத."

தலையை ஆட்டினான். ஃபாங் வந்த அன்று மேஜையைத் தட்டவும் செய்தான். அத்தோடு போயிருக்கலாம். ஃபாங் பேனாவை மூடாமல் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். முற்றத்தில் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் வேடிக்கை. பாவ்ஷானுக்கு வேர்த்தது. ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று வாயைத் திறந்துவிட்டான்.

"எங்கம்மா பார்த்துக் கட்டி வெச்சாங்க சார். நான் வேணும்னும் சொல்லலை, வேணாம்னும் சொல்லலை. இருபத்தாறு வருஷம் ஓடிப்போச்சு. நான் வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்தா, இவ உள்ள இருக்காளா இல்லையான்னு பார்க்கறதுகூட இல்ல. இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்."

முற்றத்தில் கைதட்டல். "பாவ்ஷானா இது!" என்று பின்னால் ஒருத்தன் என் தோளைக் குலுக்கினான். ஃபாங் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். லாமெய் கையில் இருந்த கீரைக்கட்டைக் கீழே வைத்துவிட்டுப் புருஷன் முகத்தையே பார்த்தாள். நானும் பார்த்தேன். அவன் காது சிவக்கவே இல்லை.

அன்று சாயங்காலமே லாமெய் ஆலைக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஊர் அவளை மெச்சியது. "பார்த்தியா, ஆபீசர் திரும்பி வந்தாலும் மாட்டமாட்டா, கெட்டிக்காரி" என்றார்கள். பாவ்ஷானும் அப்படித்தான் நினைத்தான். ஊரை இடித்தார்கள், இரண்டு வருஷம் ஆளுக்கொரு மூலையில் வாடகைக்குக் கிடந்தோம். அவ்வளவு நாளும் அவன் எல்லோரிடமும், "என் பொண்டாட்டி மாதிரி நடிக்க எவளாலயும் முடியாது" என்று பெருமை பேசிக்கொண்டிருந்தான்.

பிறகு சாவி கொடுத்தார்கள். எங்கள் வயல் இருந்த இடத்தில் முப்பது மாடிக் கட்டடங்கள். பெயர் 'ரோமாபுரி ஏரிக்கரை'. ஏரி எங்கே என்று ஃபாங்கைக் கேட்டோம். வரைபடத்தில் இருக்கிறது என்றார். சாவி வாங்கிய மறுநாளே, திரும்பக் கல்யாணம் பண்ணிக்கொள்ள ஊர் பஸ் பிடித்துப் போனது. ஜன்னலுக்குப் பின்னால் அதே பெண்தான். "மனசு ஒத்துப்போச்சா?" என்று கேட்டு முத்திரை குத்திக்கொண்டே இருந்தாள். நானும் என் கிழவனைத் திரும்பக் கட்டிக்கொண்டேன். பாவ்ஷான் புதுக் கோட்டுப் போட்டு, மிட்டாய்ப் பை வைத்துக்கொண்டு, கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அலுவலகம் மூடும்வரை லாமெய் வரவில்லை. எங்களுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை.

அவளுக்கு மூன்றாம் கட்டடத்தில் வீடு, அவனுக்கு ஏழாம் கட்டடத்தில். நேரே போனான். வாசல் சங்கிலியை எடுக்காமலே பேசினாளாம்.

"நடிப்பும்மா அது! வீட்டுக்காகப் பேசினது!" என்று இவன் கத்தியிருக்கிறான்.

"ஒனக்கு நடிக்க வராது" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள்.

அதன் பிறகு அவன் பாதியாகிவிட்டான். இரண்டு வீடு வேண்டாம், ஒன்றைத் திருப்பி வாங்கிக்கொண்டு பெண்டாட்டியைக் கொடு என்று ஃபாங்கிடம் போய்ச் சண்டை போட்டானாம். அதற்குத் தங்கள் அலுவலகத்தில் விதி இல்லை என்றாராம் அவர். கடைசியில் என்னிடம் வந்தான். "அக்கா, நீ தரகு பேசு. மொறைப்படி போய்க் கேளு."

போனேன். லாமெய் எனக்கு டீ கொடுத்தாள். சுத்தமான சின்ன வீடு, பால்கனியில் பூண்டு முளைக்கப் போட்டிருந்தாள். நான் பேச்சை எடுத்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அக்கா, மொத கல்யாணத்துக்கு எங்கப்பாவைக் கேட்டாங்க. ரெண்டாவதுக்கு ஒன்னைய அனுப்பறாரு. என்னைய யாராச்சும் கேட்டாங்களா?"

டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

இதை நான் சொன்னதும் பாவ்ஷான் ஒரு முடிவுக்கு வந்தான். மாப்பிள்ளையாகவே போவது என்று. மார்பில் சிவப்புப் பூ, கையில் பன்றித் தொடை, முன்னால் ஓர் ஊதுகுழல்காரன். கூட்டத்தில் லிஃப்ட்டுக்குள் குழலோடு நுழைய முடியாமல் அந்த ஆள் பதினொரு மாடியும் படியேறி வந்தான், மேலே வந்து சேர்ந்தபோது ஊத மூச்சில்லை. பெண் வீட்டு வாசலை மறிப்பது எங்கள் வழக்கம். பெண்ணின் தோழிகள் கதவை அடைத்துக்கொண்டு கேள்வி கேட்பார்கள், மாப்பிள்ளை பதில் சொல்லித்தான் உள்ளே போக வேண்டும். ஊர்ப் பெண்கள் எல்லோரும் லாமெய் வாசலில் நின்றுவிட்டோம். இந்த வயதில் இப்படி ஒரு வாய்ப்பு திரும்ப வருமா?

"அவளுக்கு என்ன பூ புடிக்கும்?" என்று ஒருத்தி ஆரம்பித்தாள்.

"பூவா... தெரியல."

"காரம் திம்பாளா மாட்டாளா?"

"நான் திங்கறதைத் திம்பா."

"அடேய்! அவ செருப்பு என்ன அளவு?"

முழித்தான்.

"கையில ஒரு தழும்பு இருக்கே, எந்தக் கையி?"

அவன் தன் இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தான். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். தங்கள் வீட்டு ஆளிடம் கேட்டால் என்ன பதில் வரும் என்று ஆளாளுக்கு மனசில் ஓடியிருக்க வேண்டும். என் கிழவன் படிக்கட்டுப் பக்கம் நழுவியதை நான் கவனித்தேன்.

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து லாமெய் குரல் வந்தது. "வழி விடுங்க, நான் ஒண்ணு கேக்கறேன். நான் ஒனக்கு எதுக்கு?"

பாவ்ஷான் பன்றித் தொடையை என் கையில் திணித்தான்.

"சோத்துக்கு நீ வேணாம். கீழ கடையில நூடுல்ஸ் ஒன்னுதைவிட நல்லாவே இருக்கு."

"அட பாவி!" என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"துணியை மெஷின் தொவைக்குது. கூட்டறதுக்கு வீட்ல மண்ணே இல்ல. யோசிச்சு யோசிச்சுப் பார்த்துட்டேன் லாமெய், எதுக்கும் நீ வேணாம். ஆனா லிஃப்ட் நம்ம மாடியில நின்னா எந்திரிச்சிடறேன். கதவு வரைக்கும் போயிடறேன். பக்கத்து வீட்டுக்காரனா இருக்கும். திரும்பி வந்து உக்காருவேன். மறுபடி லிஃப்ட் நிக்கும், மறுபடி எந்திரிப்பேன். ஒன்கிட்ட அந்த வீட்டுச் சாவிகூட இல்லைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் எந்திரிக்கறேன்."

ஊதுகுழல்காரன்தான் முதலில் மூக்கை உறிஞ்சினான். எனக்கும் கண் கலங்கியது, மறைக்க என்ன இருக்கிறது.

சங்கிலி எடுக்கும் சத்தம் கேட்டது. லாமெய் கதவைத் திறந்து நின்றாள். மாவு பிசைந்த கை, அழுத கண்.

"கல்யாண சர்ட்டிபிகேட் வாங்க வரமாட்டேன்" என்றாள்.

"லாமெய்..."

"பொறந்த வீடு எங்கப்பா பேர்ல, வாழ்ந்த வீடு ஒங்கப்பா பேர்ல. இது என் பேர்ல இருக்கு. அப்படியே இருக்கட்டும். பசிச்சா வா, பேசணும்னாலும் வா. அடுத்தவங்க வீட்டுக்கு எப்படிப் போவியோ அப்படி வா."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவை விரியத் திறந்தே வைத்துவிட்டுப் போனாள். பெண்கள் தங்களுக்குள் பார்த்துக்கொண்ட பார்வையை வைத்துச் சொல்கிறேன், அடுத்த வாரம் பதிவு அலுவலகத்தில் மறுபடி ஒரு வரிசை நிற்கும் என்று ஆண்கள் பயந்ததில் தப்பில்லை.

"போடா உள்ள!" என்று நான் அவன் முதுகில் தள்ளினேன். ஒரு காலை நிலைக்கு அந்தப் பக்கம் வைத்தான். வைத்தவன் என்ன நினைத்தானோ, காலை வெளியே எடுத்துக்கொண்டான். கோட்டைச் சரிசெய்தான். திறந்திருந்த கதவை விரலால் மூன்று முறை தட்டினான்.

சமையற்கட்டிலிருந்து லாமெய் கேட்டாள்: "யாரு?"

"பாவ்ஷானுங்க. ஏழாம் கட்டடம். கல்யாணமாகாதவன்."