பதினொரு பெயர்

மண்சரிவுக்குப் பயந்து ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து லயங்களை, தொழிலாளர் வரிசை வீடுகளை, விட்டு முகாமுக்கு வந்தவர்களின் பட்டியல் பதுளை அலுவலகத்தில் அச்சானது. லயத்தின் ஒவ்வொரு அறைக்கும், அதாவது காம்பராவுக்கும், ஒரு குடும்பத் தலைவர் பெயர்தான் விழுந்தது. மற்றவர்களின் இடம் வெறுமையாக இருந்தது. பட்டியலுக்கான கணினி நிரலை எழுதிய, அதே லயத்துப் பெண்ணான துஷாந்தினி திகைத்தாள். அவளுடைய மடிக்கணினியில் எல்லாப் பெயரும் வந்தனவே!

"அப்படியே அனுப்பும்மா. பேரில்லாட்டி காம்பராவுக்கு அஞ்சு பேருன்னு கணக்கு வச்சு நிவாரணச் சாமான் குடுப்பாங்க," என்றார் அதிகாரி புவனேந்திரன்.

"எங்க காம்பராவுல பதினொரு பேர் சார். ஆறு பேர் பட்டினி கெடக்கவா? பேரில்லாம இது போகாது."

"சாமான் லொறி பட்டியலுக்காக நிக்குது!"

"நிக்கட்டும் சார்," என்றார் லொறிக்காரர் பலீல், தன் பிளேன்டித் தேநீரை அவள் பக்கம் நகர்த்தியபடி. "தங்கச்சி, நீங்க பாருங்க."

தலைவரை எடுத்த பிறகு, கேட்கும்போதுதான் மற்றவர்களைத் தேடும்படி அவள் எழுதியிருந்தாள். அவள் கணினியில் நிரலைத் தரவுகளோடு இணைக்கும் 'டேட்டாபேஸ் டிரைவர்' என்ற மென்பொருள் அதுவரை இணைப்பைத் திறந்து வைத்திருந்தது. அலுவலகக் கணினியின் டிரைவரோ தலைவர் பெயர் வந்த உடனே மூடிவிட்டது; மற்றப் பெயர்களைத் தேட வழியில்லாமல் போனது. எல்லாரையும் ஒரே தடவையில் எடுக்கும்படி மாற்றினாள்.

அவள் காம்பராவின் பதினொரு பெயரும் வந்தன. கடைசியில், இன்னும் பெயர் வைக்காத ஒரு 'பாப்பா'.

"இதுக்குமா பங்கு?" என்றார் புவனேந்திரன்.

"அந்தப் பங்கு பால் குடுக்கிற தாய்க்கு, சார். கையெழுத்துப் போடுங்க."

அவர் போட்டார்.