இரண்டு விரல் அளவு

வியாழக்கிழமை மதியம், கடைசி நோயாளியை அனுப்பிவிட்டு நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரத்தில் அக்கா கிளினிக்குக்குள் வந்தாள். கண்ணில் கறுப்புக் கண்ணாடி, முகத்தில் மாஸ்க். பல்லைக் கடித்துக்கொண்டு, உதட்டை மட்டும் அசைத்து, "கடைவாய்ப் பல்லுடி. ரெண்டு நாளாத் தூக்கமில்ல" என்றாள். போன வருடமே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, சொத்தை வேர் வரைக்கும் போய்விட்டது, உடனே வா என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்ட அதே பல். நேரமில்லை, லீவு இல்லை என்று தட்டிக் கழித்துக்கொண்டே இருந்தாள். இன்றைக்கு நன்றாகக் கேட்டுவிடுவது என்று மாஸ்க்கைக் கழற்றச் சொன்னேன்.

கழற்றினாள். கேட்க வைத்திருந்தது எல்லாம் எனக்கு மறந்துபோயிற்று.

வலது கன்னம் பல்வலியில் வீங்கியிருந்தது. அதை நான் எதிர்பார்த்திருந்தேன். ஆனால் மூக்கின் ஓரத்திலிருந்து வாய்க்கோடி வரை இறங்கும் இரண்டு கோடுகளைக் காணவில்லை. தாடைக்குக் கீழே கொஞ்ச காலமாகத் தொங்கிக்கொண்டிருந்த சதையையும் காணவில்லை. காதுக்கு முன்னால், முடி தொடங்குகிற இடத்தில், ஊசி குத்திய புள்ளிகள் பக்கத்துக்கு இரண்டு. இடது கன்னத்தில் புதிதாக ஒரு குழி, மெத்தையில் பட்டன் வைத்துத் தைத்த இடம் போல. ஐம்பத்தாறு வயது முகம் பத்து வருடம் பின்னால் போயிருந்தது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஏதோ சேதி கேட்டு ஆச்சரியப்பட்டு, அந்த ஆச்சரியத்திலேயே மாட்டிக்கொண்டது போலவும் இருந்தது.

"மூஞ்சியத் தூக்கி நிறுத்த நூல் போட்டிருக்கேன். ஒன்பது நாளாச்சு. யாருகிட்டயும் சொல்லித் தொலைக்காத" என்றாள்.

அக்கா ஒரு பெரிய ஹோட்டலின் ரிசப்ஷனில் இருபத்திரண்டு வருடமாக நின்றவள். போன வருடம் வந்த புது மேனேஜர், உங்கள் குரல் எங்களுக்குப் பெரிய சொத்து என்று தேனொழுகச் சொல்லி, அவளைப் பின்கட்டில் டெலிபோன் அறையில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார். ஜன்னல் இல்லாத அறை. அங்கே யாருக்காகப் புடவை கட்டுகிறேன் என்றே தெரியவில்லை என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள். இப்போது ஹோட்டலுக்குப் புதுக் கட்டடம் திறக்கிறார்கள். அதன் முன்வாசல் மேஜைக்கு வருகிற திங்கட்கிழமை ஆள் எடுக்கிறார்கள். மேனேஜர் நேருக்கு நேர் பார்த்துத் தேர்ந்தெடுப்பார். அதற்காகத்தான் மகளைப் பார்க்கப் போவதாகச் சொல்லி இரண்டு வாரம் லீவு போட்டிருந்தாள்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்ததோ ஆவல். சிறு வயதிலேயே நான் அப்படித்தான். ஏழு வயதில் அப்பாவின் கைக்கடிகாரத்தைப் பிரித்துப் போட்டு, திரும்பச் சேர்க்கத் தெரியாமல் முழித்தவள். கடிகாரத்தை நோண்டியவள் இப்போது ஊராரின் பல்லை நோண்டுகிறாள் என்று வீட்டில் இன்னமும் கேலி பேசுவார்கள். போதாததற்கு எனக்கும் நாற்பத்தொன்பது. குளியலறைக் கண்ணாடி முன்னால் காதோரத்தில் இரண்டு விரலை வைத்துக் கன்னத்தை மேலே இழுத்துப் பார்ப்பதும், யாராவது கதவைத் தட்டினால் விட்டுவிடுவதும் ஒரு வருடமாக நடக்கிறது. அதனால் அவளை நாற்காலியில் சாய்த்துப் போட்டு, கேள்விமேல் கேள்வியாகக் கேட்டேன்.

மரத்துப்போக ஊசி போட்டு, நீள ஊசி ஒன்றைக் காதோரத்திலிருந்து தோலுக்கு அடியில் ஓட்டி, அதன் வழியாக நூலை விட்டார்களாம். நூலில் கண்ணுக்குத் தெரியாத முட்கள் உண்டு. அவை சதையைக் கவ்விக்கொள்ளும். மேலே இழுத்து, மிச்ச நூலை வெட்டிவிடுவார்கள். சில மாதத்தில் நூல் கரைந்துவிடும், இழுத்த சதை அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் நிற்கும். இவ்வளவையும் விளக்கமாகச் சொன்னவர்கள், வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் சுருக்கென்று குத்தும் என்பதைச் சொல்லவில்லை. இடது கன்னத்தில் குழி விழும், அது போகலாம், போகாமலும் இருக்கலாம் என்பதையும் சொல்லவில்லை. எல்லாம் முடிந்து கிளம்பும்போது கையில் ஒரு தாளைக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று வாரத்துக்கு மல்லாந்துதான் படுக்க வேண்டும். வாயை அகலத் திறக்கக் கூடாது. பலமாகச் சிரிக்கக் கூடாது. பல் சிகிச்சை கூடவே கூடாது.

"என் தங்கச்சியே பல் டாக்டர்னு அந்தத் தாளுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. அக்கா சிரித்தால் தெருமுனை வரை கேட்கும், அந்த அக்கா கையை நீட்டி, "சிரிப்புக் காட்டாதடி, புண்ணியமாப் போகும்" என்றாள்.

நூல் போட்ட இடத்துக்குப் போன் செய்தேன். அங்கிருந்த டாக்டர் தன்மையாகத்தான் பேசினார். பத்து நாள் தள்ளிப்போட முடிந்தால் நல்லது என்றார். முடியாதென்றால் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் வாயைத் திறக்க வேண்டாம். ஆனால் பல்லின் சீழ் கன்னத்துக்குப் பரவி நூலைத் தொட்டுவிட்டால், நூலைத் தோண்டி எடுக்க வேண்டியிருக்கும். போடுவதைவிட எடுப்பது கஷ்டம் என்றார்.

ஈறு பழுத்துப்போய் இருந்தது. பத்து நாள் என்ன, பத்து மணி நேரம்கூடத் தாங்காது. மேல்வரிசையின் கடைசிப் பல் வேறு. அதை எட்ட மூன்று விரல் அகலமாவது வேண்டும். திங்கட்கிழமை வரை மாத்திரையில் ஓட்ட முடியாதா என்று அக்கா கேட்டாள். ஓட்டினால் திங்கட்கிழமை கன்னத்தில் கட்டுப் போட்டுக்கொண்டுதான் மேனேஜர் முன்னால் நிற்பாய் என்றேன்.

அக்கா கூரையைப் பார்த்தாள். "பல்லு போனா எனக்குத்தான் தெரியும். மூஞ்சி போனா எல்லாருக்கும் தெரியும்" என்றாள். பிறகு, "சரி. ரெண்டு விரல். அதுக்கு மேல கேக்காத."

மரத்துப்போகிற ஊசி போடுவதற்கு முன்னால், வெட்கத்தை விட்டு, ஒரே ஒரு தடவை தொட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். முறைத்தாள், ஆனால் தலையாட்டினாள். கையுறை விரலை இடது கன்னத்தின் உட்பக்கம் வைத்து மெல்ல நகர்த்தினேன். வழுவழுப்பான சதைக்கு அடியில், கட்டிய துணிக்கொடி போல விறைப்பாக ஏதோ ஓடியது. இத்தனை வருடத்தில் எத்தனையோ வாய்களுக்குள் விரல் விட்டிருக்கிறேன். ஒரு முகத்தைத் தூக்கிப் பிடித்திருக்கும் கயிற்றைத் தொட்டதில்லை.

குழந்தைகளுக்கென்று வைத்திருக்கும் சின்னக் கருவியை எடுத்துக்கொண்டேன். என் உதவியாளர் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டார். பதினைந்து வருடமாக என்னுடன் இருக்கிறவர், எதையும் கேட்காமல் எல்லாவற்றையும் புரிந்துகொள்பவர். இரண்டு விரல் அகலத்துக்குள் குனிந்தும் நிமிர்ந்தும், தலைகீழாக நிற்காத குறையாக, பல்லில் துளை போட்டேன். சீழ் வந்தது. நாற்றம் அறையை நிரப்பியது. அக்காவின் கை நாற்காலிப் பிடியைத் தளர்த்தியது. முதல் வேர் கிடைத்தது, இரண்டாவதும் கிடைத்தது. மூன்றாவது எங்கோ பின்னால் மறைந்திருந்தது. நான் இன்னும் குனிந்தேன். அப்போது என் வாய் தன் பாட்டுக்குச் சொன்னது:

"இன்னும் கொஞ்சம் பெருசா... ஆ..."

இருபத்து மூன்று வருடமாக, ஒரு நாளைக்கு ஐம்பது தடவை சொல்கிற வார்த்தை. அவளும் இருபத்திரண்டு வருடம் எதிரில் இருப்பவர் கேட்டதைக் கேட்ட மாத்திரத்தில் செய்து பழகியவள். வாயை அகலமாகத் திறந்துவிட்டாள்.

சத்தம் சின்னதுதான். சட்டைப் பட்டனின் நூல் அறுவது போல. அவளுடைய வலது காதுக்குப் பக்கத்தில் கேட்டது. மூன்று பேரும் அசையவில்லை. உறிஞ்சும் குழாய் மட்டும் உறிஞ்சிக்கொண்டிருந்தது.

பழக்கதோஷம் என்று சொல்லிக்கொள்ளலாம். பெரும்பாலும் அதுதான். ஆனால் திறந்தால் என்ன ஆகும் என்று அந்த ஏழு வயதுக் கடிகாரக்காரி உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கவே இல்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. திறந்த வாயில் மூன்றாவது வேர் தெளிவாகத் தெரிந்தது. வேலையை முடித்து, மருந்து வைத்து அடைத்தேன்.

நாற்காலியை நிமிர்த்தியதும் முகம் பார்க்கக் கண்ணாடி கேட்டாள். கொடுக்க மனமில்லாமல் கொடுத்தேன். வலது பக்கம் வீக்கம், அதன்மேல் மரத்துப்போய் உதடு வேறு சரிந்திருந்தது. இதில் ஊசி செய்தது எது, அறுந்த நூல் செய்தது எது என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. "தப்பு என்னோடதுதான்க்கா. வாய் தவறிச் சொல்லிட்டேன்" என்றேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வலி போயிடுச்சு" என்றாள், தனக்கே சொல்வது போல. பிறகு, "இந்த மரமரப்பு எப்ப விடும்?"

இரண்டு மணி நேரம் ஆகும் என்றேன்.

"அப்ப, இருந்து பாத்துட்டே போறேன்."

ஐந்து மணி வரை யாரும் வரப்போவதில்லை. உதவியாளரைச் சாப்பிட அனுப்பிவிட்டு, வெளி அறையின் பிளாஸ்டிக் நாற்காலிகளில் எதிரெதிராக உட்கார்ந்தோம். அக்கா கண்ணாடியை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, கதவைப் பார்த்து முதுகை நிமிர்த்தினாள். "வணக்கம் சார், வாங்க" என்றாள். பாதி உதடு ஒத்துழைக்காமல் சொல் வழுக்கியது. இன்னொரு முறை சொன்னாள். இன்னொரு முறை. ஒன்றரை மணி நேரமாக நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கையை எடுடி" என்றாள் திடீரென்று.

என் இரண்டு விரல்கள் என் காதோரத்தில் இருந்தன. கன்னத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். விட்டேன்.

அவள் கொஞ்சம் முன்னால் நகர்ந்து, முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "எனக்கு இந்தப் பக்கம் ஒண்ணுமே தெரியல. நீ பாத்துச் சொல்லு. இப்ப நான் சிரிக்கிறேனா?"

குனிந்து பார்த்தேன். இடது பக்கம் குழியோடு அதே ஆச்சரியத்தில் நின்றது. வலது பக்கத்தில், மூக்கின் ஓரத்தில், பென்சிலால் தொட்டது போல மெல்லிய கோடு ஒன்று ஆரம்பித்திருந்தது. என் அக்காவின் பழைய கோடு.

"இல்லக்கா."

ஐந்து நிமிடம் கழித்து, "இப்ப?"

"இல்ல."

"இப்ப?"

வாய்க்கோடியில் ஏதோ ஒன்று துடித்தது. உயிர் திரும்புகிறது. அது மேலே போகிறதா, கீழே போகிறதா என்று தெரியாமல் நான் இன்னும் கிட்டப் போனேன்.